வீட்டு இறுவட்டுக்கள்: பதிந்ததோடு பாதுகாத்தாயிற்றா?

எமது வீடுகள் பலவற்றில் ஷோகேஸின் கீழ்த்தட்டிலோ அலுமாரியின் மூலையிலோ ஒரு கட்டுச் சீடி கிடக்கும். கடையில் வாங்கிய படச் சீடிகளை நான் இங்கு குறிப்பிடவில்லை. வீட்டுக் கணினியிலோ ஊர் ஸ்டூடியோவிலோ கொமியூனிகேஷன் கடையிலோ பேர்ன் பண்ணி எடுத்த இறுவட்டுக்களைத்தான் சொல்கிறேன். அவற்றின் மேல் மார்க்கர் பேனையால் "வாப்பாட ஹஜ்", "ராத்தாட கலியாணம்", "மூத்தம்மா கவி", "மீலாத் கவியரங்கு" என்றெல்லாம் எழுதியிருக்கும்.

1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் எமது ஊர்களில் இந்த வட்டுக்களின் காலமாக இருந்தது. கெசட்டில் கிடந்த பயான்களும் பக்கீர் பைத்துகளும், வானொலி முஸ்லிம் சேவையிலிருந்து பதிந்து வைத்திருந்த நிகழ்ச்சிகளும் சீடிக்கு மாறின. "கெசட் நாடா சிக்கும், அறும், பூஞ்சணம் புடிக்கும். சீடிக்கு ஒண்டும் நடக்காது" என்பதுதான் அன்றைய பேச்சு. மாற்றிய கையோடு கெசட்டுகளை வீசியவர்களும் உண்டு. ஆகவே இன்று அந்தக் குரல்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்த ஒரு சீடிதான்.

நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவன். ஊரில் வழங்கும் நாட்டார் பாடல்களைத் திரட்டி வருமாறு பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். முன்பெல்லாம் அவர்கள் வீட்டிலுள்ள மூதாட்டிகளிடம் கேட்டு எழுதி வருவார்கள். இப்போது அந்தத் தலைமுறை பெரும்பாலும் மௌத்தாகிவிட்டது. "சேர், எங்கட உம்மம்மாட தாலாட்டு இதுல இரிக்கி. ஆனா போட்டா ஓடுதில்ல" என்று சொல்லிக்கொண்டு ஒரு சீடியை நீட்டுகிறார்கள். சில வட்டுக்களைக் கழுவித் துடைத்து வேறொரு டிரைவில் போட்டால் உயிர் வருகிறது. சிலவற்றுக்கு என்ன செய்தும் வருவதில்லை. ஒரே கடையில் வாங்கி ஒரே கிழமையில் பதிந்த இரண்டு வட்டுக்களில் ஒன்று ஓடும், மற்றது ஓடாது. ஏன் இப்படி? இதை விளங்கிக்கொண்டால் மிஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்றிவிடலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அச்சடித்த வட்டும் எழுதிய வட்டும்

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருந்தாலும், கடையில் விற்கும் இசைச் சீடியும் வீட்டில் பதியும் சீடியும் வேறு வேறு சாமான்கள்.

கடைச் சீடி தொழிற்சாலையில் அச்சில் வார்த்து எடுக்கப்படுவது. தகவல்கள் நுண்ணிய குழிகளாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். அதன்மேல் அலுமினியப் பூச்சு. குழி அழியாதவரை எழுத்தும் அழியாது.

வீட்டில் பதியும் சீடி-ஆர் என்ற வகை 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனத்தின் முயற்சியால் வந்தது. இதில் குழி கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் உலோகப் பூச்சுக்கும் இடையில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும்போது லேசர் கதிர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்குகிறது. சூடுபட்ட இடத்தில் ஒளி பட்டுத் திரும்பும் தன்மை மாறிவிடுகிறது. வாசிக்கும்போது அதே லேசர் மிகக் குறைந்த வலுவில் வந்து, மாறிய இடம் எது, மாறாத இடம் எது என்று பார்த்துச் செல்கிறது. பேர்ன் பண்ணுதல் என்று பெயர் வந்தது இதனால்தான்.

எங்கள் துறையின் பாஷையில் சொன்னால், கடைச் சீடி எழுத்தாணியால் கீறிய ஓலை. வீட்டுச் சீடி சாயத்தால் எழுதிய துணி. ஓலையில் மை மங்கினாலும் கீறல் நிற்கும். மறுபடி கரி தடவி வாசிக்கலாம். சாயம் வெளுத்த துணியில் எதைத் தடவினாலும் எழுத்து வராது. ஒளியாலும் சூட்டாலும் எழுதப்பட்ட ஒன்று, பிற்பாடு படுகின்ற ஒளியாலும் சூட்டாலும் மெல்ல மெல்ல அழிகிறது. வீட்டுச் சீடியின் அடிப்படைப் பிரச்சினை இவ்வளவுதான்.

சாயத்தில் மூன்று வகை பிரதானமானவை. முதலில் வந்த சயனைன், ஒளிக்கு இலகுவில் ஆட்படுவது. ப்தலோசயனைன் ஓரளவு உறுதியானது. அடிப்பக்கம் மிக மெல்லிய பச்சையாகத் தெரியும். அசோ எனப்படுவது கடும் நீலமாகத் தெரியும். அழித்து அழித்து எழுதக்கூடிய சீடி-ஆர்டபிள்யூ வகையில் சாயத்துக்குப் பதிலாக உலோகக் கலவையொன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப மாறுவதற்கென்றே செய்யப்பட்ட அந்தக் கலவையை நீண்டகாலச் சேமிப்புக்கு நம்ப முடியாது. உங்கள் வீட்டில் ஏதேனும் முக்கியமான பதிவு ஆர்டபிள்யூ வட்டில் இருக்குமானால், முதலில் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆபத்து எந்தப் பக்கத்தில்?

சீடியை மேசையில் வைக்கும்போது பளபளக்கும் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, பெயர் எழுதிய பக்கத்தைக் கீழே அழுத்தி வைப்பவர்களே அதிகம். "கண்ணாடிப் பக்கம் கீறுப்பட்டா ஓடாது" என்பது அதற்குக் காரணம். விஷயம் இதற்கு நேர்மாறானது.

ஒரு சீடியின் கனம் 1.2 மில்லிமீற்றர். அந்தக் கனம் முழுவதும் அடிப்பக்கத்துப் பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக்தான். அதற்கு மேலே சாயம், சாயத்துக்கு மேலே மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதற்கு மேலே தலைமயிரை விட மெல்லிய ஒரு வார்னிஷ் படை, அவ்வளவே. நாம் பெயர் எழுதுகிற இடத்துக்கும் பதிவு இருக்கிற இடத்துக்கும் நடுவில் அந்த வார்னிஷ் மட்டும்தான் நிற்கிறது. அடிப்பக்கத்தில் மேலோட்டமான கீறல் விழுந்தால் மெருகேற்றிச் சரிப்படுத்த வழியுண்டு. மேற்பக்கத்தில் குண்டூசியால் கீறினால் சாயமும் வெள்ளியும் சேர்ந்தே பெயர்ந்து வரும். போனது போனதுதான். சீடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துவாரம் போல ஒளி தெரிந்தால் அந்த இடத்தில் பதிவு இல்லை என்று அர்த்தம்.

டீவீடி இதில் சற்று வேறு. 0.6 மில்லிமீற்றர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டி, பதிவை அவற்றின் நடுவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே மேற்பக்கக் கீறலுக்கு அது ஓரளவு தாங்கும். ஆனால் வளைத்தால் ஒட்டு விடத் தொடங்கும். பெட்டியின் நடுக்குமிழை அழுத்தாமல் ஓரத்தைப் பிடித்து வில்லாக வளைத்து இழுத்தெடுக்கும் பழக்கம் சிறுவர்களிடம் உண்டு. அதை நிறுத்தவேண்டும்.

மேற்பக்கம் இவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் மற்ற எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கும். குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதக்கூடாது. காரமான மணமுள்ள மார்க்கர்களின் கரைப்பான் வார்னிஷுக்குள் ஊறும். நீர் அடிப்படையிலான, மென்முனையுள்ள பேனையே நல்லது. அதையும் நடுத் துவாரத்தைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் எழுதினால் இன்னும் நல்லது. வட்டமான ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்தது. அந்தப் பசை காய்ந்து சுருங்கும்போது வெள்ளிப் பூச்சையும் இழுக்கும். ஆனால் ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கப் போகாதீர்கள். உரித்தால் பதிவும் கூடவே உரிந்துவிடலாம். ஒட்டியபடியே விட்டு உடனே பிரதி எடுப்பதே புத்தி.

எமது காற்றும் எமது வெயிலும்

அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் நூலகர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்குமென 2003இல் ஒரு கைந்நூல் வெளியிட்டது. பிரெட் பயர்ஸ் என்பவர் எழுதியது. நீண்டகாலம் வைத்திருப்பதற்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதனும் வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

கல்முனைக் கரையோரத்தில் இருந்துகொண்டு இதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும். ஆண்டின் பெரும்பகுதி எமக்கு 27, 28 பாகைக்கு மேல். ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் குறைவதில்லை. மாரி மழைக்குச் சுவரே வியர்க்கும். கடற்காற்றில் உப்பு வேறு. வெள்ளிப் பூச்சு கறுப்பதற்கு ஈரமும் கந்தகம் கலந்த காற்றும் போதும். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் 1988 முதல் 1993 வரை செய்யப்பட்ட இசைச் சீடிகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிப் பழுதாகின. அவற்றின் மேற்பூச்சு, கூடவே வைத்த தாள் உறைகளிலிருந்து வரும் கந்தகத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. அச்சடித்த சீடிக்கே இந்தக் கதி.

பூஞ்சணமும் விடுவதில்லை. 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சீடியை ஸ்பெயின் ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஒருவகைப் பூஞ்சை ஓரத்தால் உள்ளே புகுந்து அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் தின்றிருந்தது தெரிந்தது. பெலீஸும் எம்மைப்போல வெக்கையும் ஈரமும் உள்ள கரையோர நாடு.

ஆகவே உற்பத்தியாளர்கள் வெற்றுச் சீடியின் உறையில் நூறு ஆண்டு என்று போடும் கணக்கை எமது வீடுகளுக்குப் பொருத்திப் பார்க்கமுடியாது. அது குளிரூட்டிய இருட்டறையை நினைத்துச் சொன்னது. ஆனால் கைந்நூல் சொல்லும் குளிரைக் கொடுக்க முடியாவிட்டாலும் எம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

"ஓடுதே!" என்பது ஆதாரமல்ல

நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்றுண்டு. "எங்கட சீடி இன்னம் நல்லா ஓடுது சேர், ஒரு பிரச்சினையும் இல்ல." இது ஏமாற்றும் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

சுவடி பதிப்பித்தவர்களின் அனுபவம் எமக்குத் தெரியும். பூச்சி அரித்து ஓர் எழுத்துப் போயிருந்தால், எதுகையையும் மோனையையும் யாப்பையும் வைத்து இன்ன எழுத்தாகத்தான் இருக்கும் என்று கண்டுகொள்வார்கள். செய்யுளின் கட்டமைப்பே காணாமற் போன எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சீடியிலும் இப்படியொரு யாப்பு இருக்கிறது. 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் அமைத்த ஒரு முறையைப் பயன்படுத்தி, தகவலோடு மேலதிக எண்களும் சேர்த்தே எழுதப்படுகின்றன. அடுத்தடுத்து வரவேண்டிய தகவல்களைப் பிரித்துத் தூரத் தூரமாகவும் வைக்கிறார்கள். இதனால் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குப் பதிவு அழிந்தாலும் இயந்திரம் அதை முழுமையாகக் கணித்து நிரப்பிவிடும். கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் மறுபக்கம், சீடி தன் நோயை மறைக்கும் என்பது. கெசட் பழுதாகும்போது இரைச்சல் கூடும், குரல் மங்கும். எமக்கு எச்சரிக்கை கிடைக்கும். சீடியில் பிழைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டிருக்கும்போதும் குரல் தெளிவாகவே கேட்கும். பிழைகள் திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டும் நாளில் திடீரென்று நிற்கும். நேற்று ஓடிய சீடி இன்று ஓடாமற் போவதன் இரகசியம் இதுதான். ஒரே நாளில் எழுதிய இரண்டில் ஒன்று ஓடி மற்றது நிற்பதற்கும் இதுவே காரணம். இரண்டும் பழுதாகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒன்று எல்லையைத் தாண்டிவிட்டது, மற்றது எல்லைக்கு அருகில் நிற்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. சீடியிலுள்ள கோப்புகள் எல்லாவற்றையும் கணினிக்குப் பிரதி எடுங்கள். ஒரு முழுச் சீடிக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அரைமணி நேரம் இழுபட்டால், டிரைவ் நின்று நின்று உறுமினால், அந்த வட்டு எல்லைக்கு அருகில் வந்துவிட்டது. பரிசோதனையின்போதே பிரதியும் எடுத்தாகிவிட்டது என்பது இதிலுள்ள வசதி.

வைக்கும் முறை

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெளிச்சம் படாத இடம் வேண்டும். ஜன்னலுக்கு எதிரேயுள்ள கண்ணாடி ஷோகேஸ் சீடிக்கு ஆகவே ஆகாது. தகரக் கூரைக்குக் கீழேயுள்ள பரண், மேற்கு வெயில் படும் சுவரோடு ஒட்டிய இரும்பு அலுமாரி, தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமாடு, வாகனத்தின் டேஷ்போர்ட் எல்லாம் சூட்டால் கெடுக்கும் இடங்கள். வீட்டின் நடு அறையில் மர அலுமாரியின் நடுத்தட்டு எமக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம். வெள்ளம் வரும் ஊர்களில் கீழ்த்தட்டு வேண்டாம்.

ஒவ்வொரு சீடியையும் தனித்தனிக் கடினப் பெட்டியில் போட்டு, புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி வையுங்கள். படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் காலப்போக்கில் வளையும். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்ளும். தாள் உறையைப் பற்றி மேலே சொன்னேன். சீடியோடு சேர்த்துப் பெயர் எழுதிய கடுதாசித் துண்டையும் உள்ளே வைக்கவேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள்.

பெட்டிகளை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் கொள்கலனில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு பைகள்தான். அவையும் ஈரத்தால் நிரம்பும். ஆண்டுக்கொரு முறையாவது மாற்றவேண்டும். பூச்சி வராமலிருக்க உடுப்புக்குப் போடும் அந்துருண்டையை இதற்குள் போடக்கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல.

தொடும்போது ஓரத்தையும் நடுத் துவாரத்தையும் மட்டும் பிடிக்கவேண்டும். அழுக்கிருந்தால் சுத்தமான நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். தட்டுக் கழுவுவதுபோலச் சுற்றித் துடைக்கக்கூடாது. பதிவு சுருளாகச் சுற்றித்தான் ஓடுகிறது. சுற்றித் துடைக்கும்போது கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் நீளமாக விழும். மேலே சொன்ன யாப்பு அதை நிரப்பமாட்டாது. குறுக்கே விழும் கீறலை அது இலகுவில் தாண்டிவிடும்.

இன்றும் சீடி, டீவீடியில் பதிய விரும்புவோர் ஒருமுறை மட்டும் எழுதும் வகையையே வாங்குங்கள். கடையில் பல ஆண்டுகள் வெயில் பட்டுக் கிடந்த வெற்று வட்டு வேண்டாம். எழுதாவிட்டாலும் சாயத்துக்கு வயதாகிறது. ஆகக்கூடிய வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தைத் தெரிவு செய்யுங்கள். எழுதி முடிந்ததும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதியை மென்பொருளில் இயக்குங்கள். 700 மெகாபைட் என்றால் விளிம்புவரை நிரப்பத் தேவையில்லை. ஓரத்தில்தான் கை படும், ஈரமும் புகும்.

ஓடாத சீடியை என்ன செய்வது?

முதலாவது, வீசாதீர்கள். இரண்டாவது, ஓடுமா ஓடுமா என்று பிளேயரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

துடைத்தபின் வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் வாசிக்க மறுத்ததை மற்றொன்று வாசிப்பது சாதாரணமாக நடப்பது. வீட்டுப் பிளேயரை விடக் கணினியிலுள்ள டீவீடி எழுதும் டிரைவ்கள் பல வேளை நன்றாக வாசிக்கின்றன. பற்பசை தேய்த்தல், வாழைப்பழம் பூசுதல் போன்ற கைவைத்தியங்கள் ஊரில் உலவுகின்றன. பற்பசை அடிப்பக்கத்துச் சிறு கீறலை ஒருவேளை மழுப்பலாம். மங்கிய சாயத்துக்கு எதுவும் செய்யாது. முறையாகச் செய்தால் வாசிக்கக்கூடிய வட்டை மேலும் கெடுக்கவும் கூடும்.

கோப்புகள் உள்ள வட்டுக்கு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடி முயலும். அதே வட்டை இன்னொரு டிரைவில் போட்டு விடுபட்டவற்றை மட்டும் நிரப்பவும் முடியும். ஒலிச் சீடிக்கு எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருள் ஐயமான இடங்களைப் பலமுறை வாசித்துப் பார்க்கும். கணினி தெரிந்த உயர்தரப் பிள்ளையொருவர் ஒரு பின்னேரத்தில் இவற்றைப் பழகிவிடுவார்.

மீட்டெடுத்த ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். பங்கிடுவதற்கு எம்.பி.3 தனியாகச் செய்துகொள்ளலாம்.

எழுத்துக் கோப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து மலர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. வட்டு நன்றாக ஓடினாலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும். "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடுவார்கள். கெடவில்லை. பாமினி எழுத்துருவையும் கூடவே சேமித்து, ஒருங்குறிக்கு மாற்றிய பிரதியொன்றையும் வையுங்கள்.

ஒரு பிரதி பிரதியல்ல

இவ்வளவு கவனமும் சீடியின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டும். அந்த ஆண்டுகளுக்குள் செய்யவேண்டியது பிரதி எடுப்பது. ஓலைக்கு மஞ்சள் பூசிக் காத்தவர்களும் அந்த ஓலை நிலைக்கும் என்று நம்பி இருந்துவிடவில்லை. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். எமது அறபுத் தமிழ்க் கிதாபுகளும் கையெழுத்துப் பிரதிகளாகவே தலைமுறை கடந்து வந்தன.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் எளிய கணக்கு. மூல வட்டு ஒன்று, வன்தட்டில் ஒன்று, வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் இன்னொரு வன்தட்டில் ஒன்று. நூறு சீடி இருந்தாலும் 70 கிகாபைட்தான். ஒரு டெராபைட் வன்தட்டொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீடிகள் அடங்கும். வன்தட்டும் சாகும் பொருள்தான் என்பதால் இரண்டு வேண்டும், ஆண்டுக்கொரு தடவை பூட்டிப் பார்க்கவும் வேண்டும்.

"வேறிடத்தில்" என்பதை நாம் யாரும் எமக்கு விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் கையில் எடுத்துவர விடப்பட்டது எவ்வளவு என்பது தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடல் எதையெல்லாம் கொண்டுபோனது என்பதும் தெரியும். ஒரே வீட்டில் மூன்று பிரதி வைத்திருந்தவருக்கும் அன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிரதியோடு விபரமும் வேண்டும். யாருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன சந்தர்ப்பம், பதிந்தவர் யார் என்பதை ஒரு கோப்பில் எழுதி அதே இடத்தில் வையுங்கள். குரல் இருந்தும் யாரென்று தெரியாத பதிவுகள் என்னிடம் வருவதுண்டு. குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

ஒரு தயக்கத்தையும் பேசத்தான் வேண்டும். கலியாண வீடியோக்களிலும் பாடல் பதிவுகளிலும் எமது வீட்டுப் பெண்களின் குரலும் முகமும் இருக்கின்றன. அதைப் பிறர் கையில் கொடுக்க மனம் இடந்தராது. அது நியாயமான தயக்கம். ஆனால் பாதுகாத்தல் வேறு, பகிரங்கப்படுத்தல் வேறு. குடும்பத்துக்குள்ளேயே பிரதி எடுத்து, குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பாடலின் சொற்களை மட்டும் எழுதி வெளியே தரலாம். இந்தத் தயக்கத்தாலேயே தொடாமல் விட்டால் வெளியாருக்கும் கிடைக்காது, பேரப்பிள்ளைக்கும் கிடைக்காது.

வெளியே தரக்கூடியவற்றுக்கு இடமுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எமது எழுத்தாளர்களின் நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாக ஏறியிருக்கின்றன. கவியரங்குகள், இலக்கியக் கூட்டங்கள், பாடசாலை மலர்கள் போன்ற பொதுவானவை அத்தகைய இடங்களைச் சேரவேண்டும்.

இதற்குக் காலக்கெடு ஒன்று இருக்கிறது. அது வட்டின் ஆயுளை மட்டும் பொறுத்ததல்ல. சீடி-ஆரைக் கொண்டுவந்த தையோ யூடென் நிறுவனமே 2015இன் முடிவோடு வட்டுத் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டது. இன்று வாங்கும் மடிக்கணினிகளில் சீடி டிரைவ் கிடையாது. பழைய கணினிகள் இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வட்டு நல்லாயிருந்தும் போட்டுப் பார்க்க இடமில்லாத நாள் வரும்.

ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு பள்ளிவாசல் வாசிகசாலையிலும் நல்ல டீவீடி டிரைவுள்ள ஒரு பழைய கணினியை ஒதுக்கி வைத்தால் போதும். விடுமுறை நாட்களில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்தால் ஒரு தெருவின் சீடிகளை ஒரு கிழமையில் பிரதி எடுத்துவிடலாம். எங்கள் பாடசாலையில் இதைச் சிறிய அளவில் செய்துவருகிறோம். வாசிப்பவர்கள் தத்தமது வீட்டு அலுமாரியிலிருந்து தொடங்கலாம். மேலே ஒன்றும் எழுதாத சீடிகளை முதலில் எடுங்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள்தான் வீட்டில் ஆக வயது கூடியவர்கள்.